எலியோடு நின்றுவிடும் தங்கம்: நானோ துறைப் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் நானோ ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். நான் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் மருத்துவ இயற்பியலாளராக வேலை பார்க்கிறேன். கட்டிக்கு எவ்வளவு கதிர்வீச்சு டோஸ் போகிறது, பக்கத்தில் இருக்கும் நல்ல திசுவுக்கு எவ்வளவு சிந்துகிறது என்று கணக்குப் போடுவதுதான் என் பிழைப்பு. அதனால் 'ஒளிவெப்பச் சிகிச்சை' (தங்க நானோ துகளைக் கட்டியில் சேர்த்து, லேசர் ஒளியால் சூடேற்றி, கட்டியைச் சுடுவது) என்ற சொல் உள்ள ஆய்வுக் கட்டுரை எது கண்ணில் பட்டாலும் படித்துவிடுவேன். நம் ஊர்த் துறைகளிலிருந்தும் நிறைய வருகின்றன. அவற்றைப் பற்றித்தான் இந்த மடல். சற்றுக் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரைகள் பலவும் ஒரே சமையல் குறிப்பில் வருகின்றன. துளசியோ, வேம்போ, முருங்கையோ, ஓர் இலையைக் கொதிக்க வைத்து வடிகட்டித் தங்க குளோரைடு கரைசலில் ஊற்றுகிறார் மாணவர். இளமஞ்சள் மெல்ல மாறி மாணிக்கச் சிவப்பாகிறது; தங்க நானோ துகள் உருவாகிவிட்டது என்று பொருள். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி, அதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு 96 குழித் தட்டில் ஹீலா செல்கள் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்ச் செல்கள்), அவை பிழைத்தனவா என்று பார்க்கும் எம்.டி.டி. சோதனை. செல் உயிரோடு இருந்தால் ஊதா, செத்தால் நிறம் இல்லை. (துகளின் சிவப்பே அந்த ஊதாவை அளக்கும் அலைநீளத்தில் குறுக்கிடுமே, அதைக் கழித்தீர்களா என்று கேட்டால் பதில் வருவது அபூர்வம்.) கடைசியில் முடிவுரையில் ஒரு வரி: 'இத்துகள்கள் ஒளிவெப்பச் சிகிச்சைக்குப் பயன்படக்கூடும்.'

எப்படிப் பயன்படும்? கரைசல் சிவப்பாகத் தெரிகிறது என்றாலே அது பச்சை ஒளியை விழுங்குகிறது என்று பொருள். உருண்டையான சிறு தங்கத் துகளின் ஒளி உறிஞ்சல் உச்சம் 520 நானோமீட்டர் அலைநீளத்தின் பக்கம் இருக்கிறது. அந்த ஒளியை ரத்தமே குடித்துவிடும்; திசுவுக்குள் சில மில்லிமீட்டர் போவதற்குள் அடங்கிவிடும். உடம்புக்குள் ஓரளவாவது இறங்குவது ஏறத்தாழ 700 முதல் 900 நானோமீட்டர் வரையிலான ஒளிதான். லேசர் 808-ல் அடிக்கிறது, துகள் 520-ல் காத்திருக்கிறது. இரண்டும் சந்திக்கவே இல்லை. வைவாவில் இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதி முடிவுரைகளைத் திருத்த வேண்டியிருக்கும்.

இந்தச் சிக்கலுக்கு விடை கண்டது அமெரிக்காவின் ஹூஸ்டனில். ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸ் குழு 1998-ல் நானோஷெல் பற்றி எழுதியது. உள்ளே சிலிக்கா உருண்டை, மேலே மெல்லிய தங்கப் பூச்சு. பூச்சின் தடிமனைக் கூட்டிக் குறைத்தால் துகள் விழுங்கும் ஒளியும் நகர்கிறது. அதை 800 பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 2003-ல் அங்கே பணியாற்றிய ஜெனிஃபர் வெஸ்டும் ஹாலஸும் எலிக் கட்டியில் சுட்டுக் காட்டினார்கள். மனிதர்களுக்குச் செய்து பார்த்த முடிவு 2019-ல் அச்சேறியது. புரோஸ்டேட் புற்று, குறைந்த அல்லது நடுத்தர அபாயம், 16 பேர். முதல் நாள் நரம்பில் டிரிப் வழியாகத் துகள் ஏறியது. மறுநாள் எம்.ஆர்.ஐ. படத்தையும் அல்ட்ராசவுண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, ஊசி வழியாக லேசர் இழையைக் கட்டிக்கே கொண்டுபோய்ச் சுட்டார்கள். 15 பேருக்கு நினைத்தபடி முடிந்தது. சிறுநீர் கழிப்பதிலோ ஆண்மையிலோ குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை.

16 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் அதில் இல்லை. இன்றும் இது எந்த மருத்துவமனையிலும் கேட்டவுடன் கிடைக்கும் சிகிச்சை ஆகிவிடவில்லை. ஆனால் நான் கவனிக்கச் சொல்வது வேறு. 1998 முதல் 2019 வரை அவர்கள் ஒரே துகளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நாமோ ஆண்டுக்கு ஓர் இலை என்று மாற்றிக்கொண்டே போகிறோம்.

எலி வரைக்கும் போன ஆய்வுகளிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. முடி மழித்த எலியின் விலாவில், தோலுக்கு அடியிலேயே கட்டியை வளர்க்கிறீர்கள். ஒளி எளிதாகச் சேர்ந்துவிடுகிறது. வெப்பக் கேமரா 50 டிகிரிக்கு மேல் காட்டுகிறது. அது தோலின் சூடு. கட்டியின் அடி விளிம்பில் எவ்வளவு? நோய் திரும்ப முளைப்பது அந்த விளிம்பில்தான். கதிர்வீச்சில் விளிம்பு டோஸைச் சொல்லாமல் நான் ஒரு திட்டத்தைக் கொண்டுபோனால் டாக்டர் கையெழுத்துப் போட மாட்டார்.

துகள் எங்கே போகிறது என்பது அடுத்தது. பத்தாண்டுக் கட்டுரைகளைத் தொகுத்து டொரொண்டோ ஆய்வாளர்கள் 2016-ல் ஒரு கணக்குச் சொன்னார்கள். ஊசியில் ஏற்றிய நானோ துகளில் கட்டிக்குப் போய்ச் சேர்வது, இடைநிலை அளவாக, 0.7 சதவீதம். மீதியில் பெரும்பங்கு கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்குகிறது. தங்கம் எளிதில் கரைந்து வெளியேறும் பொருள் அல்ல. உங்கள் எலியின் கல்லீரலை ஆறு மாதம் கழித்து யாராவது வெட்டிப் பார்த்தார்களா?

இதையெல்லாம் எழுத வைத்தது எங்கள் புறநோயாளிப் பிரிவு. 'இலையிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து' என்று ஒரு துறை செய்திக்குறிப்பு அனுப்புகிறது, நாளிதழ் போடுகிறது, அது வாட்ஸாப்பில் சுற்றுகிறது. சில நாளில் ஒரு மகன் கைப்பேசியை நீட்டுகிறார்: "சார், இது எங்க பண்றாங்க? அம்மாவுக்குக் கீமோவை நிறுத்திட்டு அங்க கூட்டிட்டுப் போயிடலாமா?" அம்மா பக்கத்தில் தலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிறார். இது தட்டில் வளர்த்த செல்லில் செய்தது என்று அந்த இடத்தில் விளக்குவது எவ்வளவு சங்கடம் என்று உங்களுக்குத் தெரிந்தால், செய்திக்குறிப்பில் 'ஆய்வகச் செல்களில் மட்டும்' என்ற மூன்று சொல்லைச் சேர்த்திருப்பீர்கள்.

செய்ய வேலை இல்லாமலும் இல்லை. நம் ஊரில் புகையிலையும் பாக்கும் கொண்டுவரும் வாய்ப்புற்று ஏராளம். கன்னத்தின் உள்பக்கத்துக்கு ஊசி இல்லாமலே ஒளியைக் கொண்டுபோகலாம். ஹூஸ்டன் துகளையும் தொடக்கத்தில் தலை, கழுத்துக் கட்டிகளில் சோதித்தார்கள். ஆனால் பாக்குப் போட்டுப் போட்டுக் கன்னம் இறுகியவருக்கு வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்காது. அந்த இடைவெளியில் நுழைந்து, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் திரும்பி, தாடை எலும்பைச் சுடாமல் கட்டியை மட்டும் சுடும் லேசர் முனை ஒன்றை வடிவமைக்க ஒரு மாணவர் நான்கு ஆண்டு செலவிட்டால் அதுவும் முனைவர் பட்டத்துக்குத் தகுந்த வேலைதான். திசுவைப் போலச் செய்த ஜெல்லில் ஆழத்துக்கு ஆழம் சூட்டை அளப்பதும் அப்படியே. இலை வேண்டாம், துகளை விலைக்கே வாங்கிக்கொள்ளலாம்.

எந்த நோயாளிக்கு என்ன சிகிச்சை என்று பேசி முடிவெடுக்கும் எங்கள் டியூமர் போர்டு வாராவாரம் கூடுகிறது. அறுவை மருத்துவர், கீமோ மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், பல் மருத்துவர் எல்லோரும் இருப்பார்கள். அடுத்த ஆய்வுத் தலைப்பை முடிவு செய்யும் முன் உங்கள் மாணவரை அனுப்புங்கள். நிர்வாகத்திடம் அனுமதி வாங்குவது என் பொறுப்பு. வரும்போது உங்கள் துகளின் ஒளி உறிஞ்சல் வரைபடம் ஒன்றைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மருத்துவ இயற்பியலாளர்