கனவுத் தூக்கத்தில் விழ வேண்டிய தாழ்ப்பாள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தூக்கம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் மூன்று வரிகளைத் திருத்தியாக வேண்டும். கனவு வரும் நேரத்தில் "மூளை ஓய்வெடுப்பதால் உடல் தளர்ந்துவிடுகிறது" என்பது முதல் வரி. வயதானவர்கள் தூக்கத்தில் கத்துவதும் உதைப்பதும் "செரிமானக் கோளாறு, பயப்பட ஒன்றுமில்லை" என்பது இரண்டாவது. மனச்சோர்வு மாத்திரை கனவுத் தூக்கத்தைக் குறைப்பதால் "நிறுத்திவிடுவது நல்லது" என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதை நம்பி யாராவது இன்றிரவே மாத்திரையை விட்டுவிடக்கூடும் என்பதால்தான் உடனே எழுதுகிறோம்.

மூடிய இமைக்குள் கண் விழிகள் வேகமாக ஓடும் இந்தத் தூக்கத்தை (ரெம் தூக்கம்) 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மேனும் பதிவு செய்தார்கள். அப்போது மூளை ஓய்வெடுப்பதே இல்லை. அதன் மின்னலைகள் விழித்திருப்பவரின் அலைகளைப் போலவே இருக்கும். அதனால்தான் பிரான்சின் லியோன் நகரில் ஆராய்ந்த மிஷேல் ஷூவே இதற்கு 'முரண்பாட்டுத் தூக்கம்' என்று பெயர் வைத்தார். கை கால்களும் தாமாகத் தளர்வதில்லை. மூளை உத்தரவு போட்டுத்தான் அவற்றை அடக்குகிறது.

அந்த உத்தரவு மூளைத்தண்டில் பான்ஸ் என்னும் பகுதியிலிருந்து கிளம்புகிறது. அங்கே 'நீலப்புள்ளி' எனப்படும் நரம்பணுத் திரளுக்குச் சற்றுக் கீழே இன்னொரு சிறு கூட்டம் இருக்கிறது. அது தூண்டப்பட்டதும் சமிக்ஞை முகுளத்துக்கும் தண்டுவடத்துக்கும் இறங்குகிறது. அங்கே கிளைசின், காபா என்ற இரண்டு வேதிப்பொருள்கள் சுரந்து, தசையை இயக்கும் நரம்பணுக்களை வாயடைத்துவிடுகின்றன. கனவில் நாம் ஓடினாலும் அந்த ஆணை காலுக்குப் போய்ச் சேராது, வழியில் தாழ்ப்பாள் விழுந்துவிடுகிறது. கண் தசைகளும், மூச்சுக்கு ஆதாரமான உதரவிதானமும் மட்டும் இந்தத் தாழ்ப்பாளுக்கு வெளியே நிற்கின்றன. ஷூவே பூனைகளின் பான்ஸில் இந்த இடத்தைச் சிதைத்துப் பார்த்தார். அவை தூக்கம் கலையாமலே எழுந்து, அங்கே இல்லாத இரையின் மேல் பதுங்கிப் பாய்ந்தன.

சரி, இந்தத் தூக்கம் எப்போது தொடங்க வேண்டும் என்று யார் முடிவு செய்வது? கட்டுரை சொல்வதுபோல 'கனவு மையம்' என்று ஒன்று தனியாக உட்கார்ந்திருக்கவில்லை. மூளைத்தண்டில் இரண்டு கூட்டங்கள் எதிரெதிராக இருக்கின்றன. ஒன்று 'தொடங்கு' என்கிறது, மற்றது 'கூடாது' என்கிறது. இரண்டுமே காபாவைக் கொண்டு ஒன்றையொன்று அமுக்குகின்றன. எது கொஞ்சம் ஓங்கினாலும் மற்றது அடங்கிவிடும். வீட்டு ஸ்விட்ச் போலத்தான், பாதியில் நிற்காது. 2006இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம் இது. விழித்திருக்கும்போது நீலப்புள்ளி சுரக்கும் நார்அட்ரினலினும், ராஃபே என்னும் இன்னொரு நரம்பணுத் திரள் சுரக்கும் செரட்டோனினும் 'கூடாது' பக்கத்துக்கு முட்டுக் கொடுக்கின்றன. ஆழ்ந்த தூக்கத்தில் இவை குறைந்து, கனவுத் தூக்கத்தில் ஏறக்குறைய நின்றேவிடுகின்றன. அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் மட்டும் அப்போது ஏறுகிறது. தூங்கி 70 முதல் 90 நிமிடம் கழித்து முதல் கனவுத் தூக்கம் சில நிமிடங்களுக்கு வரும். பிறகு சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு முறை வந்து, விடியலை நெருங்க நெருங்க நீளும். பெரியவர்களுக்கு மொத்தத் தூக்கத்தில் இது 20 முதல் 25 சதவீதம், பிறந்த குழந்தைக்குப் பாதி.

ஹைப்போதலாமஸில் இருக்கும் ஒரெக்சின் அணுக்கள் விழிப்பைக் கலையாமல் பிடித்துவைக்கின்றன. அவை அழிந்தால் வருவது நார்கோலெப்சி, அதாவது பகலிலும் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நோய். அந்த நோயாளி தூங்கிய 15 நிமிடத்துக்குள் கனவுத் தூக்கத்தில் விழுவார். நன்றாக விழித்திருக்கும்போதே, வாய்விட்டுச் சிரித்த நொடியில் முழங்கால் மடங்கும். தாழ்ப்பாள் பட்டப்பகலில் விழுகிறது என்று அர்த்தம்.

தூக்க ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். தலையில் மின்முனைகள், இரு கண்களின் வெளியோரத்தில் ஒவ்வொன்று, மோவாயில் மூன்று, கைகளிலும் கால்களிலும் சில. திரையில் 30 விநாடிக்கு ஒரு பக்கம் ஓடும். கனவுத் தூக்கம் வந்ததும் கண்ணுக்கான இரண்டு கோடுகளும் எதிரெதிர்த் திசையில் துள்ளும். மூளை அலையில் ரம்பப் பல் போன்ற வடிவம் தெரியும். மோவாய்த் தசையின் கோடு நூலாக மெலிந்துவிடும். தாழ்ப்பாள் பழுதானவரிடம் மற்ற எல்லாம் இப்படியே இருக்க, மோவாய்க் கோடு மட்டும் முள்கம்பிபோலச் சிலிர்த்து நிற்கும். பக்கத்து வீடியோவில் அவர் காற்றில் குத்திக்கொண்டிருப்பார். கைக்கடிகாரக் கருவிகள் நாடித்துடிப்பையும் அசைவையும் வைத்து ஊகிக்கின்றன. மோவாய்க் கோடு அவற்றுக்குத் தெரியாது. ஆகவே கடிகாரம் காட்டும் 'ரெம்' நிமிடங்களைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

நம் ஊரில் 'அமுக்குவான் பேய்' என்பது இதே தாழ்ப்பாள் திறக்கச் சற்றுத் தாமதமாவதுதான். மூளை விழித்துவிட்டது, தசைக் கட்டு இன்னும் அவிழவில்லை. விலாத் தசைகளும் அடங்கியிருப்பதால் நெஞ்சில் யாரோ உட்கார்ந்ததுபோல் இருக்கும். சில விநாடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில் விலகிவிடும். தூக்கம் கெட்டாலும், மாறி மாறி ஷிப்ட் பார்த்தாலும், மல்லாந்து படுத்தாலும் அதிகமாக வரும்.

அஞ்ச வேண்டியது தாழ்ப்பாள் விழாமலே போவதற்கு. 1986இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஷென்க், மஹோவால்ட் ஆகிய மருத்துவர்கள் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். 50 வயது தாண்டிய ஆண்களிடம் அதிகம் கண்டறியப்படுகிறது. இரவின் பின்பாதியில், கண் மூடியபடி, யாரையோ அடிப்பதுபோல் கை வீசுவார். எழுப்பினால் உடனே தெளிந்து "நாய் துரத்தியது" என்று கனவைச் சொல்வார். தூக்கத்தில் நடப்பவர் அப்படியல்ல. அது முன்னிரவில், ஆழ்ந்த தூக்கத்தில் நடப்பது. எழுப்பினால் திருதிருவென விழிப்பார், காலையில் எதுவும் நினைவிருக்காது. குறட்டையோடு மூச்சடைப்பவரும் திணறி எழும்போது இதேபோல உதைப்பதுண்டு. அதற்கு வைத்தியமே வேறு. ஆய்வகச் சோதனை இல்லாமல் முடிவு கட்டக் கூடாது என்பது இதனால்தான்.

வேறு காரணம் இல்லாமல் இந்தக் கோளாறு வந்த 1280 பேரை 24 மையங்களில் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2019இல் வெளியானது. ஆண்டுக்குச் சுமார் 6 சதவீதம் பேர் பார்க்கின்சன் நோய்க்கோ அதைச் சார்ந்த மறதி நோய்க்கோ ஆளானார்கள். 12 ஆண்டு முடிவில் அது 73 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம் பலருக்கு மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் முதலில் படிந்து மேலே ஏறுவதால், கை நடுங்குவதற்குப் பல ஆண்டு முன்பே தாழ்ப்பாள் பழுதாகிவிடுகிறது. வாசனை தெரியாமல் போவது, நாள்பட்ட மலச்சிக்கல், எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் ஆகியவை கூட இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். இதைச் செரிமானக் கோளாறு என்று எழுதிக் கடந்து போவது நியாயமில்லை.

மருத்துவரைப் பார்க்கும்வரை வீட்டில் செய்ய வேண்டியது இது. கட்டிலை விட்டு மெத்தையைத் தரையில் போடுங்கள். கண்ணாடி டம்ளர், மேசை முனை, டார்ச் எதுவும் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டாம். துணைவர் கொஞ்ச நாள் தனியே படுக்கட்டும். அடிக்கும்போது கிட்டப் போய் உலுக்காமல், எட்ட நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். இரண்டு மூன்று இரவு செல்போனில் வீடியோ எடுங்கள், அது மருத்துவருக்குப் பெரிய உதவி. சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டையும் கொண்டுபோங்கள். பொதுவாக மெலடோனினை 3 மில்லிகிராமில் தொடங்கித் தேவைக்கேற்பக் கூட்டுவார்கள். குளோனசெபாம் என்றால் 0.25 அல்லது 0.5 மில்லிகிராம். இந்த இரண்டாவதைக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது தவறு. மூச்சடைப்பு இருந்தால் அதை மோசமாக்கும், வயதானவர்களை இரவில் தடுக்கி விழவைக்கும்.

இனி அந்த மூன்றாவது வரி. ஃப்ளுவோக்செடின், செர்ட்ரலின், வென்லாஃபாக்சின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் செரட்டோனினைக் கூட்டி 'கூடாது' பக்கத்துக்கு வலுச் சேர்க்கின்றன. கனவுத் தூக்கம் குறைவது உண்மைதான். சிலருக்குத் தாழ்ப்பாளையும் இவை தளர்த்துகின்றன. இளம் வயதில் ஒருவர் தூக்கத்தில் கை வீசினால் முதலில் இந்த மாத்திரைகளைத்தான் விசாரிப்போம். ஆனால் திடீரென்று நிறுத்தினால் அடக்கிவைத்த கனவுத் தூக்கம் மொத்தமாகப் பொங்கி வரும். கொடுங்கனவு, தலைசுற்றல், மின்சாரம் தொட்டதுபோன்ற அதிர்வு எல்லாம் கூடவே வரும். மனச்சோர்வும் திரும்பக்கூடும், அதில் உயிரே போகலாம். அளவைக் குறைப்பதோ மாற்றுவதோ எழுதிக் கொடுத்த மருத்துவர் வாரக்கணக்கில் படிப்படியாகச் செய்ய வேண்டிய வேலை.

"நிறுத்திவிடுவது நல்லது" என்ற வரிக்கு மட்டுமாவது அடுத்த இதழில், கட்டுரை வந்த அதே பக்கத்தில், திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தூக்க ஆய்வகப் பணியில் இருக்கும் இரு வாசகர்கள்,
மதுரை