அந்தத் தனித் தட்டு

அன்புள்ள கண்ணு,

பள்ளியில் நலக்கல்வி நடத்தும் ஆசிரியராக உன் பெயரைக் கொடுத்துவிட்டார்கள் என்று நேற்று போனில் சொன்னாய். 2020ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டம்தானே? பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், ஒரு ஆண், ஒரு பெண், மொத்தம் 11 தலைப்புகள். "புத்தகத்தைப் பார்த்து நடத்திடலாம்மா" என்றாய். அந்த வார்த்தைதான் ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை.

முப்பது வருஷம் கிராம சுகாதார செவிலியராக எத்தனையோ பள்ளிக்கூடப் படி ஏறியிருக்கிறேன். எல்லா இடத்திலும் ஒரே மாத்திரை, ஒரே அட்டைப் படம். பிள்ளைகள் நம்பியதோ அவரவர் ஆசிரியரின் முகத்தை.

அந்த நீல நிற இரும்புச்சத்து மாத்திரையையே எடுத்துக்கொள். 15 முதல் 19 வயதுப் பெண்பிள்ளைகளில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. ஒரு ஊரில் ஒரு சார், இங்கிலீஷ் மருந்தே உடம்புக்குச் சூடு என்று நினைப்பவர். வேண்டாம் என்று சொல்லமாட்டார். விரல் நுனியில் பிடித்து, "வேணும்னா போட்டுக்கோங்க" என்று நீட்டுவார். அடுத்த வாரம் நான் போனபோது ஜன்னலுக்கு வெளியே மண்ணில் நீல நீலமாகக் கிடந்தது. இரண்டு ஊர் தள்ளி ஒரு டீச்சர், பிரசவத்தில் ரத்தம் போய்ப் பிழைத்து வந்தவர். சத்துணவு முடிந்ததும் பிள்ளைகள் நடுவில் நின்று, தான் முதலில் ஒன்றை விழுங்குவார். "நாளைக்கு வெளிக்குக் கறுப்பாப் போகும், பயந்துடாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். அந்த வகுப்பில் ஒன்றுகூட வீணாகி நான் பார்த்ததில்லை.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டோமே, நினைவிருக்கிறதா? 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும். வாட்ஸ்அப்பில் ஏதேதோ வதந்தி வந்தது. பெற்றோர் ஆசிரியரைத்தான் கேட்டார்கள். ஒரு ஆசிரியர், "நான் என் பையனுக்குப் போடலை" என்றார்; மறுநாள் பாதி பெஞ்சு காலி. ரூபெல்லா கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றுப் பிள்ளைக்குக் காது, கண், இதயம் எல்லாம் பாதிக்கும் என்று அவரிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் மகனுக்குச் சின்ன வயதில் ஊசி போட்ட ராத்திரி காய்ச்சலில் வலிப்பு வந்ததைச் சொன்னார். கை நடுங்கியது அவருக்கு. அந்த ராத்திரியைப் பற்றி அவரிடம் அதுவரை யாரும் கேட்டதே இல்லை. நானும் கேட்கவில்லை.

அப்புறம் உன் பாடத்துக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கப் பாடம். செம்பருத்தியை அறுத்து மகரந்தம், சூலகம் என்று ஆசையாகக் காட்டுவார்கள். மனிதர் பகுதி வந்ததும், "வீட்டில் படிச்சுக்கோங்க". வீட்டில் யாரிடம் படிக்கும் அந்தப் பிள்ளை?

இதைச் சொல்ல எனக்கே தகுதி உண்டா என்று யோசித்தேன். நீ பெரியவளான சமயம், பக்கத்து ஊர்ப் பள்ளியில் மாதவிலக்கு தீட்டில்லை என்று பேசிவிட்டு வந்து, அன்று சாயங்காலமே உனக்குத் தனித் தட்டு வைத்தேன். பாட்டிக்குப் பயந்து என்று சொல்லிக்கொண்டேன். எனக்குள்ளும் அது இருந்தது கண்ணு. "அங்கே ஒண்ணு சொல்றே, இங்கே ஒண்ணு பண்றே" என்று நீ கேட்டபோது பதில் சொல்லவில்லை. இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

அந்தத் தட்டு உன்னோடும் வகுப்புக்கு வரும். என்னிடமிருந்து எது எது உனக்கு ஒட்டியிருக்கிறது என்று பயிற்சிக்குப் போவதற்கு முன் ஒருநாள் உட்கார்ந்து யோசித்துப் பார். கூச்சமாக இருந்தால், "எனக்கும் கூச்சமாத்தான் இருக்கு" என்று பிள்ளைகளிடமே சொல்லிவிடு. பக்கத்தை மட்டும் புரட்டிவிடாதே.

அந்தப் பாடம் எந்த மாதம் வருகிறது? நடத்தி முடித்த அன்று எவ்வளவு நேரமானாலும் கூப்பிடு, விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா