காதுக்கு வரைபடம் இல்லை

அன்புள்ள சேகர்,

நலம். நலமறிய ஆவல். கர்னல் மெக்கார்மிக்கின் வானொலி உரைகளை முன்மாதிரியாக வைத்து, அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய உன் ஒலித்தொடரை எழுதலாமா என்று கேட்டிருந்தாய். எழுதலாம். ஆனால் எதை எடுப்பது, எதை விடுவது என்பதில் கறாராக இரு.

அந்த உரைகள் ஒலித்த சூழலை முதலில் மனதில் வாங்கிக்கொள். ராபர்ட் மெக்கார்மிக் 'சிகாகோ டிரிபியூன்' நாளிதழின் பதிப்பாளர். பத்திரிகை 1924-ல் ஒரு வானொலி நிலையத்தை வாங்கி, 'உலகின் தலைசிறந்த செய்தித்தாள்' என்ற தன் முழக்கத்தின் ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு டபிள்யூஜிஎன் என்று பெயரிட்டது. 720 கிலோஹெர்ட்ஸ், 50,000 வாட். மத்திய அலை இருட்டிய பிறகு வானில் பட்டுத் திரும்பி வெகுதூரம் போகும். போதாததற்கு மியூச்சுவல் என்ற வானொலி வலையமைப்பு வேறு நாடெங்கும் கொண்டுபோனது. 1940-ல் தொடங்கிய சனிக்கிழமை இரவு இசைநாடக நிகழ்ச்சியின் இடைவேளையில்தான் அவர் போர் வரலாறு பேசினார். கேட்பவர் பாட்டுக்காக உட்கார்ந்திருப்பவர், கையில் வரைபடம் கிடையாது. உன் கேட்பாளரும் அப்படித்தான்: பேருந்திலோ அடுப்படியிலோ இருப்பார்.

மெக்கார்மிக்கின் பலம் அவர் பீரங்கிக்காரர் என்பது. முதல் உலகப் போரில் பிரான்சில் அமெரிக்க 1-வது டிவிஷனின் 5-வது களப் பீரங்கி ரெஜிமென்ட்டில் இருந்தார், 155 மி.மீ. ஹோவிட்சர்கள் (குண்டை உயர வளைத்து எறியும் பீரங்கிகள்). அந்த வேலை செய்தவனுக்குத் தூரமும் மேடும் சாலையும்தான் முதலில் கண்ணில் படும். ஆட்களைக் கண்டபடி பலிகொடுத்து ஜெயித்தவர் என்று, உள்நாட்டுப் போரில் வடக்குப் படையை நடத்திய தளபதி கிராண்ட்மீது இருந்த பழியை மறுத்து அவர் 1934-ல் ஒரு புத்தகமே எழுதினார். அந்த வாதம் இன்றைக்கும் நிற்கிறது என்பது என் கணிப்பு. கிராண்டின் திறமை நகர்விலும் சப்ளையிலும் இருந்தது.

அதைக் காதுக்குச் சொல்வதுதான் கஷ்டம். தெற்குப் படையின் கையிலிருந்த விக்ஸ்பர்க் என்ற ஆற்றங்கரை ஊரைக் கிராண்ட் பிடித்த கதையையே எடுத்துக்கொள். தமிழில் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்குச் சுமார் 90 சொல். பத்து நிமிடத்துக்கு 900. அதில் முதல் நூறு சொல்லை நிலத்துக்கே கொடுத்துவிடு. மிசிசிப்பி ஆறு வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. விக்ஸ்பர்க் கிழக்குக் கரையில், மேட்டில், ஆற்றைப் பார்த்த பீரங்கிகளோடு நிற்கிறது. கிராண்டின் படை மேற்குக் கரையில். கேட்பவர் மனதில் இந்த மூன்றும் பதிந்தால் போதும், மீதி தானாக உட்காரும். 'இடது கரை' என்று மட்டும் எழுதாதே. நீரோட்டத்தின் திசையைப் பார்த்து நின்றால்தான் கிழக்கு இடதாகும். வரைபடத்தில் அது வலது பக்கம். கேட்பவர் அங்கேயே குழம்பிப்போவார்.

பிறகு நகர்வு. 1863 ஏப்ரல் 16 இரவு வடக்குக் கடற்படைத் தளபதி போர்ட்டரின் கப்பல்கள் அந்தப் பீரங்கிகளுக்குக் கீழேயே ஓடிக் கடந்தன; 'ஹென்றி கிளே' என்ற சரக்குக் கப்பல் மட்டும் எரிந்துபோனது. படை மேற்குக் கரையிலேயே தெற்கே நடந்தது. ஏப்ரல் 30 அன்று, ஊருக்கு ஏறத்தாழ 50 கி.மீ. தெற்கே புரூயின்ஸ்பர்க்கில் ஆற்றைத் தாண்டியது. நேராக விக்ஸ்பர்க்கை நோக்கி ஏறாமல், முதலில் வடகிழக்கே ஜாக்சன் நகருக்குப் போய், விக்ஸ்பர்க்குக்கு வரும் ரயில் பாதையை அறுத்தது. மே 1 முதல் 17 வரை ஐந்து சண்டைகள். ஐந்தையும் நீ பெயர் சொல்லத் தேவையில்லை. ஜாக்சன், சாம்பியன் ஹில் இரண்டே போதும்.

சப்ளை பற்றி ஒரு எச்சரிக்கை. கிராண்ட் பின்தளத் தொடர்பை அடியோடு அறுத்துவிட்டு ஊரார் உணவை எடுத்துத் தின்றே போனார் என்று பலரும் சொல்வார்கள். இறைச்சியும் தீவனமும் வழியில் எடுத்தது உண்மை. ஆனால் வெடிமருந்து, பிஸ்கட், காப்பி, உப்பு எல்லாம் கிராண்ட் கல்ஃப் என்ற ஆற்றங்கரை ஊரிலிருந்து வண்டிகளில் வந்துகொண்டுதான் இருந்தன. கட்டுக்கதை கேட்க நன்றாக இருக்கும். உண்மையோ ஒரு வண்டித்தொடர் என்ன ஏற்றிக்கொண்டு போகும் என்று காட்டும். எனக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

பெயர்களும் காலை வாரும். தெற்குப் படையில் இரண்டு ஜான்ஸ்டன்கள். முந்தைய ஆண்டு ஷைலோ சண்டையில், 1862 ஏப்ரல் 6 அன்று, இறந்தவர் ஆல்பர்ட் சிட்னி ஜான்ஸ்டன். ஜாக்சனில் இருந்தவர் ஜோசப் ஜான்ஸ்டன். ஒரே உரையில் இருவரும் வந்தால், ஒருவரை 'ஷைலோவில் விழுந்த தளபதி' என்றே சொல்லிப் போ.

மெக்கார்மிக்கிடம் விடவேண்டியது அவருடைய தனிமை. பத்திரிகை அவருடையது, நிலையம் அவருடையது, நிகழ்ச்சியும் அவருடையது. பேனா பிடித்து வெட்ட ஓர் ஆசிரியர் இல்லை. 1942-ல் ஒரு வாசகருக்கு எழுதிய கடிதத்தில், ராணுவத்துக்கு இயந்திரத் துப்பாக்கியையும் இயந்திரமயத்தையும் கொண்டுவந்தது தானே என்று வரிசையாக அடுக்கினார். போரை நேரில் கண்டவருக்கே வரும் ஆபத்து இது: தான் நின்ற இடமே களத்தின் மையமாகிவிடும். உரையை ஒலிப்பதிவு செய்யும் முன் ஒவ்வொரு 'முதன்முதலாக'வையும் சிவப்பில் வட்டமிடு. இரண்டு தனித்தனிச் சான்று இல்லாவிட்டால் அடித்துவிடு.

விக்ஸ்பர்க் முற்றுகையைச் சொல்லும் பகுதியில் மே 22 தாக்குதலை மறைக்காதே. கிராண்ட் நேராக மோதி 3,000 பேருக்கு மேல் இழந்த நாள் அது. அதைச் சொன்னால்தான் 47 நாள் முற்றுகையும் ஜூலை 4 அன்று ஊர் சரணடைந்ததும் ஏன் என்று விளங்கும்.

அந்தப் பகுதியை எழுதி முடித்ததும் எழுத்தாக அனுப்பாதே, பேசிப் பதிந்து அனுப்பு. வரைபடத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்கிறேன். எந்த இடத்தில் திசை தப்பியது என்று நிமிடம் குறித்து எழுதுகிறேன்.

அன்புடன்,
வேலு