பிடில்தான் வயலின்

ஆசிரியருக்கு வணக்கம்.

புளூகிராஸ் (பாஞ்சோ, ஃபிடில் வைத்து வேகமாக வாசிக்கும் அமெரிக்க இசை), நாட்டுப்புறப் பாட்டு, மேற்கத்திய சாஸ்திரிய இசை மூன்றையும் சேர்த்து வாசிக்கும் அமெரிக்க மூவர் குழுக்களைப் பற்றி உங்கள் இசைப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியதற்கு நன்றி. படத்துக்குக் கீழே பாஞ்சோவை ‘வட்ட கிடார்’ என்று போட்டிருந்தீர்கள். சரி, அது போகட்டும். மொத்த இசையையும் ‘புதுமையான ஃப்யூஷன் பரிசோதனை’ என்று சொன்னதைத்தான் விட மனசு வரவில்லை.

நான் முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குக் கர்நாடக வயலின் சொல்லித் தருகிறவள். இப்போது வட கரோலினாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன மாதம் இங்கே ஒரு தேவாலயக் கூடத்தில் இப்படி ஒரு குழுவைக் கேட்டேன். ஃபிடில், பாஞ்சோ, டபுள் பேஸ். மூன்று பேருக்கும் நடுவில் ஒரே ஒரு மைக். யாருக்கு முறை வருகிறதோ அவர் ஓரடி முன்னால் வருவார், முடிந்ததும் ஒதுங்கி வழிவிடுவார். டபுள் பேஸ்காரர் பாவம், ஆள் உயர வாத்தியத்தை வைத்துக்கொண்டு எங்கே நகர்வது?

ஜெர்மானிய சாஸ்திரிய இசை மேதை பாக்கின் உருப்படி ஒன்றை வாசித்தார்கள். எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, யாரோ துரத்துவதுபோல் ஓடினார்கள். அடுத்து வந்த வால்ட்ஸ், அதாவது மூன்று தட்டு நடன மெட்டு, வேறு ரகம். அதுவரை விரலால் சுண்டிக்கொண்டிருந்த பேஸ்காரர் வில்லை எடுத்து நிதானமாக இழுத்தார். எது நாட்டுப்புறம், எது சாஸ்திரியம் என்று பிரிக்கத் தோன்றவில்லை.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஃபிடில்காரர் பிருடைகளைத் திருக ஆரம்பித்தார். அவர்கள் வயலினில் கம்பிகள் ஜி, டி, ஏ, இ என்று இருக்கும். கீழ்க் கம்பிகள் இரண்டையும் ஒரு முழு ஸ்வரம் ஏற்றி ஏ, இ, ஏ, இ ஆக்கினார். நம் கணக்கில் அது ஸ, ப, ஸ, ப! நான் தினமும் காலையில் சேர்க்கிற அதே சுருதி. வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, மகள் கையைக் கிள்ளினாள். கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பக்கத்துப் பழைய ஃபிடில்காரர்கள் பல பாட்டுகளுக்கு இப்படித்தான் சேர்ப்பார்கள். வாசிக்கிற கம்பியோடு பக்கத்துக் கம்பியையும் வில் தொட்டுக்கொண்டே போகும். தனியாகத் தம்பூரா வேண்டியதில்லை.

பாஞ்சோவிலும் இப்படி விடாமல் ஒலிக்கும் சுருதி உண்டு. அது வளையத்தில் தோல் இழுத்துக் கட்டிய வாத்தியம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் சுரைக்குடுக்கை வாத்தியங்களிலிருந்து வந்தது. ஐந்தாவது கம்பி மட்டும் குட்டை, கழுத்தில் பதித்த ஐந்தாவது மெட்டருகே தொடங்கும். கட்டைவிரல் அதைத் தட்டிக்கொண்டே இருக்கும், வீணையின் பக்கத் தந்திகளைச் சுண்டுவிரல் மீட்டுகிற மாதிரி.

புதுமை என்கிறீர்கள். புளூகிராஸ் என்ற பெயரே கென்டக்கிக்காரர் பில் மன்றோவின் குழுப் பெயரிலிருந்து வந்தது. 1945 கடைசியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் தன் மூன்றுவிரல் பாஞ்சோவோடு அந்தக் குழுவில் சேர்ந்தார். பேலா ஃப்ளெக் 2001-லேயே பாக்கைப் பாஞ்சோவில் வாசித்து ஆல்பம் வெளியிட்டுவிட்டார். அதற்கும் முன்னால், 1996-ல், செல்லோவில் யோ-யோ மா, டபுள் பேஸில் எட்கர் மேயர், ஃபிடிலில் மார்க் ஓ'கானர் என்று மூவராகச் சேர்ந்தார்கள். ஃப்ளெக்கும் மேயரும் நம் ஜாகிர் ஹுசைனோடும் மூவராக வாசித்திருக்கிறார்கள். தமிழ்ப் பத்திரிகைக் கட்டுரையில் அது விட்டுப்போனதுதான் ஆச்சரியம்.

என் பாட்டி வயலினைப் பிடில் என்றே சொல்வார். கொச்சை என்று நினைத்துத் திருத்தியிருக்கிறேன். இங்கே வந்து பார்த்தால் ஒரே வாத்தியத்துக்குத்தான் இரண்டு பெயரும்.

கச்சேரி முடிந்ததும் ஃபிடில்காரரிடம் போய், நாங்களும் இப்படித்தான் சேர்ப்போம் என்றேன். யோசிக்காமல் வாத்தியத்தை என் கையில் கொடுத்துவிட்டார். நின்று வாசித்துப் பழக்கமில்லையே, மேடை விளிம்பிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து மோகனத்தில் நாலு வரி வாசித்தேன். மோகனத்தின் ஐந்து ஸ்வரங்கள் அவர்கள் பாட்டுகளிலும் நிறைய வரும். பாஞ்சோக்காரர் இரண்டாவது சுற்றிலேயே கூடச் சேர்ந்துகொண்டார்.

அடுத்த முறை படத்துக்குக் கீழே பாஞ்சோ என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பிடில் டீச்சர்