தேடிப் போகாதவருக்கும் தெரிந்தவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலகத்திலேயே அதிகம் பேருக்குத் தெரிந்த மனிதர் யார் என்று இந்தக் கடிதப் பகுதியில் சில வாரங்களாக நடக்கிற சண்டையை விடாமல் படித்து வருகிறேன். ஒருவர் ரொனால்டோ என்கிறார், இன்னொருவர் மெஸ்ஸியை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார், போன வாரம் ஒரு வாசகர் இன்ஸ்டாகிராமைத் திறந்து எண்ணிக்கையைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் முடிகிற விஷயத்துக்கு எதற்கு இத்தனை கடிதம் என்று எழுதியிருந்தார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். முடியாது சார், அங்கே பார்த்தால் முடியவே முடியாது.

ரொனால்டோவை இன்ஸ்டாகிராமில் 60 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் பின்தொடர்கின்றன, தனி மனிதர்களில் அந்த எண்ணிக்கையைத் தொட வேறு ஆளில்லை, எல்லாம் சரி. ஆனால் கணக்கு வேறு, ஆள் வேறு. எங்கள் வீட்டிலேயே நான்கு பேருக்கு ஏழு கணக்கு இருக்கிறது. சீனாவின் 140 கோடிப் பேருக்கு 2014 முதலே இன்ஸ்டாகிராம் முடக்கப்பட்டிருக்கிறது, உலகத்தில் இணையமே எட்டாதவர்கள் இன்னும் 200 கோடிக்கு மேல் இருக்கிறார்கள், இவர்களுக்கெல்லாம் யாரைத் தெரியும் என்று அந்த எண் சொல்லாது. அப்புறம், 2019 ஜனவரியில் யாரோ ஒரு முட்டையின் படத்தைப் போட்டு, அதற்கு 5 கோடிக்கு மேல் லைக் விழுந்து, 2022 டிசம்பரில் மெஸ்ஸி உலகக் கோப்பையோடு படம் போடும்வரை கிட்டத்தட்ட நான்கு வருடம் அந்த முட்டைதான் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது. சாதாரணக் கோழி முட்டை!

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது. பின்தொடர்கிறவர் யார்? ஏற்கெனவே ஆர்வம் இருந்து, தானாகத் தேடிப் போய் பொத்தானை அழுத்தியவர். அவருக்கு அந்த மனிதரைத் தெரிந்திருப்பதில் என்ன அதிசயம்? விராட் கோலியை 25 கோடிக்கு மேற்பட்ட கணக்குகள் பின்தொடர்கின்றன, ஆனால் கிரிக்கெட் ஆடாத ஒரு நாட்டில் அவர் தனியாகத் தெருவில் நடந்து போனால் திரும்பிப் பார்க்க ஆளிருக்காது. ஒருவர் உலகத்துக்கே தெரிந்தவரா என்று பார்க்க, அவருடைய துறையில் கொஞ்சமும் அக்கறை இல்லாதவரைத்தான் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. பந்தாட்டம் பார்க்காதவருக்குப் பந்தாட்டக்காரரைத் தெரிய வேண்டும், பாட்டுக் கேட்காதவருக்குப் பாடகரைத் தெரிய வேண்டும்.

இதை வீட்டில் சோதித்தும் பார்த்தோம். என் அம்மாவுக்கு 78 வயது, கைப்பேசி அவருக்குப் பேசுவதற்கு மட்டும். என் மகள் பேரைச் சொல்லாமல் ஒவ்வொரு படமாகக் காட்டினாள். ரொனால்டோவைப் பார்த்து, ஏதோ விளம்பரத்தில் வருகிற பையன் என்றார். மெஸ்ஸியும் பையன்தான், இன்னொரு விளம்பரம். சாப்ளினை அரை நொடியில் சொல்லிவிட்டார். ஐன்ஸ்டைனுக்குப் பேர் வரவில்லை, 'தலைமுடியைச் சீவாத விஞ்ஞானி' என்றார், அது போதும் என்று பாஸ் போட்டோம். சந்திரனில் வெள்ளை உடுப்போடு நிற்கிற அந்தப் புகழ்பெற்ற படத்தைக் காட்டினால் உடனே ஆம்ஸ்ட்ராங் என்றார், மகளும் ஆமாம் பாட்டி என்று மதிப்பெண் போட்டுவிட்டாள். இரண்டு பேரும் தப்பு! அந்தப் படத்தில் நிற்பவர் ஆம்ஸ்ட்ராங்கோடு சந்திரனில் இறங்கிய பஸ் ஆல்ட்ரின். ஆம்ஸ்ட்ராங் கையில் கேமரா இருந்தது, அவர் எதிரில் இருப்பவரின் தலைக்கவசக் கண்ணாடியில் சின்னப் புள்ளியாகத் தெரிகிறார், அவ்வளவுதான். 1969இல் உலகமே கொண்டாடிய மனிதரின் பேர் எல்லாருக்கும் தெரியும், முகம் தெரியாது.

இதற்கு நேர்மாறான ஆள் கியூபப் புரட்சிக்காரர் சே குவேரா. 1960இல் ஆல்பெர்ட்டோ கோர்டா எடுத்த அந்த ஒரு படம், தொப்பியும் நட்சத்திரமும், சட்டையில் இருக்கும், சுவரில் இருக்கும், தேநீர்க் கோப்பையில்கூட இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு வந்த மகளின் தோழியிடம் இவர் யார் என்று கேட்டேன், ஒரு பாட்டுக்காரர் என்று நினைப்பதாகச் சொன்னாள். முகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் மோனாலிசாவைக்கூடச் சேர்க்கலாம், அவர் கற்பனை இல்லை, ஃபிளாரன்ஸில் வாழ்ந்த ஒரு பட்டு வணிகரின் மனைவி என்றுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 1911இல் அந்த ஓவியம் திருடுபோனபோது வெறும் சுவரைப் பார்க்கவே கூட்டம் வந்தது, இரண்டு வருடம் கழித்துத்தான் ஓவியம் கிடைத்தது. ஆக முகம் தெரிவது, பேர் தெரிவது, என்ன செய்தார் என்று தெரிவது, மூன்றும் வேறு வேறு. நம் வாசகர்கள் மூன்றையும் ஒரே தராசில் போட்டுவிட்டு எடை சரியில்லை என்று சண்டை போடுகிறார்கள்.

எல்லாக் காலத்துக்கும் என்று கேட்டால் பேச்சே இல்லை. ஏசு கிறிஸ்து, முகமது நபி இருவரையும் மதிக்கிறவர்கள் தலைக்கு ஏறத்தாழ 200 கோடிப் பேர், அந்த மதங்களில் இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கும் அந்தப் பேர்கள் தெரியும். நபிகளை உருவமாக வரைவதையே இஸ்லாமிய மரபு பெரும்பாலும் ஏற்பதில்லை, ஏசு எப்படி இருந்தார் என்று அவர் காலத்து ஓவியம் ஒன்றும் இல்லை, ஆனாலும் இரண்டு பேர்களும் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. இவர்களோடு ஒரு பந்தாட்டக்காரரை ஒப்பிட்டு எழுதியவருக்கு எவ்வளவு துணிச்சல் என்று தெரியவில்லை.

அதனால் கேள்வியைக் கொஞ்சம் சுருக்குகிறேன். உயிரோடு இருக்கும்போதே உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்தவர் யார்? என் ஓட்டு முகமது அலிக்கு. பெலே மூன்று உலகக் கோப்பை வாங்கினார், சாப்ளின் பேசாமலேயே எல்லா மொழிக்காரரையும் சிரிக்க வைத்தார், மைக்கேல் ஜாக்சன் 2009இல் இறந்த அன்று தேடல்கள் குவிந்ததில் கூகுள் யாரோ தன்மீது தாக்குதல் நடத்துவதாகவே நினைத்தது, யாரையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அலியைத் தெரிந்துகொள்ள ஒருவருக்குக் குத்துச்சண்டை பிடித்திருக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. 1964இல் சாம்பியன் ஆன கையோடு மதமும் பேரும் மாற்றிக்கொண்டார், மதத்தில் அக்கறை உள்ளவர்கள் காதுக்கு அது போனது. 1967இல் வியட்நாம் போருக்கு வர மாட்டேன் என்று ராணுவத்தில் சேர மறுத்தார், பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள், ஒரு விளையாட்டுக்காரரின் உச்ச வயதில் மூன்று வருடத்துக்கு மேல் மேடை ஏற விடவில்லை. அரசியல் படிக்கிறவர்களுக்கும் போருக்குப் பயந்த பெற்றோர்களுக்கும் அப்போது அவரைத் தெரிந்தது. அப்புறம் அவர் சண்டை போட்ட ஊர்களைப் பாருங்கள்: ஜகார்த்தா, கின்ஷாசா, கோலாலம்பூர், மணிலா. அமெரிக்காவிலேயே இருந்து டிவியில் முகம் காட்டினால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. 1974இல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் அப்போதைய சாம்பியன் ஃபோர்மேனை வீழ்த்தியபோது அந்த ஊர்க்காரர்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே கொண்டாடினார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்குகிற கையோடு அவர் தீபம் ஏற்றியதைப் பார்த்துக் கலங்கியவர்களில் எத்தனை பேர் அவர் சண்டையை முழுதாகப் பார்த்திருப்பார்கள்? என் அம்மா ஒன்றுகூடப் பார்த்ததில்லை. அலி படத்தைக் காட்டியதும் 'சண்டைக்கு வரமாட்டேன் என்ற சண்டைக்காரர்' என்றார்.

அப்படிப் பரவுவதற்கு அந்தக் காலத்தில் வழியும் இருந்தது, நாலே நாலு வாசல்தான், செய்தித்தாள், வானொலி, டிவி, சினிமா, அதில் யார் வந்தாலும் எல்லாரும் பார்த்தார்கள். இன்றைக்கு ஆளுக்கொரு திரை. யூடியூபில் பல கோடிப் பேர் பின்தொடர்கிற ஒருவரின் பேரை என் மகள் சொல்கிறாள், நான் கேள்விப்பட்டதே இல்லை, நான் சொல்கிற ஆளை அவள் கேள்விப்பட்டதில்லை.

சரி, இன்று உயிரோடு இருப்பவர்களில்? என் அளவுகோலை வைத்துப் பார்த்தால் எனக்கே பிடிக்காத ஒரு விடை வருகிறது: டொனால்ட் டிரம்ப். ரொனால்டோவை வேண்டாம் என்றால் தவிர்த்துவிடலாம், பந்தாட்டப் பக்கத்தைப் புரட்டிவிட்டால் போதும். இவரைத் தவிர்க்க முடியாது. பதவியால் வந்த பிரபலம்தானே என்று கேட்பீர்கள், பெரும்பாலான அதிபர்களுக்கு அது பொருந்தும், பதவி போன மறுவருடமே வெளிநாட்டில் பேர் மறந்துவிடும். இவர் நான்கு வருடம் பதவியில்லாமல் இருந்தபோதும் செய்தியை விட்டு இறங்கவில்லை. அம்மாவிடம் இவர் படத்தைக் காட்டியபோது அவர் கண்ணாடியைக்கூடப் போடவில்லை. 'இவரைத் தெரியாமல் இருக்க எங்கே விடுகிறார்கள்' என்றார்.

இது பாராட்டு இல்லை என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் இந்த விவாதத்துக்கு வைத்த தலைப்பிலேயே சிக்கல் இருக்கிறது. 'உலகிலேயே புகழ்பெற்றவர்' என்று போட்டீர்கள். புகழ் என்றால் நம் காதில் நல்லது செய்து வாங்கிய பேர் என்றுதான் விழும், ஹிட்லரைப் புகழ்பெற்றவர் என்று யாராவது எழுதுவோமா? ஆனால் அவரைத் தெரியாதவர் எத்தனை பேர்? பாதிச் சண்டை அந்தச் சொல்லால் வந்தது. பேர்போனவர் என்று போட்டிருக்கலாம், பேர்போன டாக்டர் என்றும் சொல்கிறோம், பேர்போன திருடன் என்றும் சொல்கிறோம், ஒருவருக்கும் மனம் புண்படாது.

வாசகர் வாக்கெடுப்பு நடத்தப் போவதாகப் போட்டிருந்தீர்கள். நடத்துங்கள், ஆனால் ஒரு வேண்டுகோள். பேரும் எண்ணிக்கையும் போடாமல் இருபது முகங்களை மட்டும் அச்சிடுங்கள், வாசகர் தான் நிரப்பாமல், வீட்டில் இதிலெல்லாம் அக்கறையே இல்லாத ஒருவரிடம் காட்டி அவர் சொன்ன பேர்களை எழுதி அனுப்பட்டும். சந்திரன் படத்தையும் அதில் சேருங்கள், எத்தனை பேர் ஆல்ட்ரின் என்று எழுதுகிறார்கள் பார்ப்போம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்