கொரியப் போர் வீரர்களிடம் பேட்டி எடுப்பவர்களுக்கு: அந்த சிகரெட் பெட்டியைப் பற்றியும் கேளுங்கள்

கொரியாவில் பணியாற்றிய முன்னாள் வீரர்களின் நினைவுகளைப் பதிவு செய்துவரும் எல்லோருக்கும் வணக்கம்.

1953 ஜூலை 27இல் போர்நிறுத்தம் கையெழுத்தானபோது இருபது வயதில் இருந்தவருக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. அதனால் நேராகவே கேட்டுவிடுகிறேன். வடகொரியாவில் கடும் சண்டை நடந்த சோசின் நீர்த்தேக்கத்தின் குளிரையும் மலைமுகட்டுச் சண்டைகளையும் கேட்டு முடித்த பிறகு, பதிவை நிறுத்துவதற்கு முன்னால், "உள்ளூர் மக்களிடம் எதைக் கொடுத்து எதை வாங்கினீர்கள்?" என்று தயவுசெய்து கேளுங்கள்.

முதலில் தயங்குவார்கள், ஏனென்றால் அதில் பாதி விதிமீறல். ஆனால் நடந்தது நடந்ததுதானே. உணவுப் பொட்டலத்தோடு சிகரெட்டும் வரும், புகைக்காதவருக்கும் வரும். அவர் அதை என்ன செய்வார்? துணி துவைத்துத் தருகிற அம்மாவுக்குக் கொடுப்பார், முகாமில் எடுபிடி வேலை செய்கிற பையனிடம் கொடுத்து வேறு ஏதாவது வாங்கிவரச் சொல்வார். சோப்பு, டப்பா இறைச்சி, காப்பித்தூள் எல்லாமே இப்படித்தான் வேலிக்கு வெளியே போயின.

பணத்தின் கதை இன்னும் மோசம். டாலர் கள்ளச்சந்தைக்குப் போய்விடக் கூடாது என்று அமெரிக்க ராணுவம் வீரர்களுக்குத் தனிச் சீட்டுகளில் சம்பளம் கொடுத்தது. அதுவும் சந்தைக்குப் போனது. அப்புறம் முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு நாள் முகாம் வாசலை அடைத்துவிட்டு பழைய சீட்டுகளை வாங்கிக்கொண்டு புதியவற்றைக் கொடுப்பார்கள், வெளியே பழைய சீட்டை வைத்திருந்த கொரிய வியாபாரிக்கு அது வெறும் காகிதமாகிவிடும். உள்நாட்டுப் பணத்தையாவது நம்பலாமா என்றால், 1953 பிப்ரவரியில் பழைய நாணயமான வோனில் 100, புதிய நாணயமான ஹ்வானில் ஒன்றே ஒன்றாக மாறியது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு இறைச்சி டப்பா எந்த நோட்டையும் விட நம்பகமான சொத்து, அதைப் புரிந்துகொண்டு கணக்குப் போட்டவர்கள் கொரியர்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். போர்க்காலப் படங்களில் கொரியர் என்றாலே சாக்லேட்டுக்குக் கை நீட்டும் குழந்தைதான் திரும்பத் திரும்ப வருகிறது. பேரம் பேசிய பெண்ணும், விலையை முடிவு செய்த கடைக்காரரும் எங்கே? பூசான் நகரத்தின் டப்பாச் சந்தையை நடத்தியவர்கள் அவர்கள்தான். முகாம்களிலிருந்து வந்த ஹாமையும் தொத்திறைச்சியையும் கிம்ச்சி என்ற காரமான முட்டைக்கோஸ் ஊறுகாயோடு கொதிக்கவைத்து உயிர் பிழைத்தவர்களும் அவர்கள்தான், இன்று உய்ஜொங்பு ஊர் அந்தக் குழம்புக்கே பெயர் போனது. 1961இல் குறிப்பிட்ட வெளிநாட்டுப் பொருள்களை விற்கத் தடைச்சட்டமே போட வேண்டியிருந்தது என்றால் வியாபாரம் எவ்வளவு வேரூன்றியிருந்திருக்கும்!

எல்லாம் நல்ல வியாபாரம் என்று சொல்லவில்லை. கிடங்கிலிருந்து திருடிய சரக்கு இருந்தது. முகாமை ஒட்டிய ஊர்களில் வறுமையால் உடலை விற்க நேர்ந்த பெண்களும் இருந்தார்கள், அதை "பண்டமாற்று" என்ற பெயரில் மழுப்பக் கூடாது. அதையும் கேளுங்கள், பெயர் வேண்டாம் என்றால் பெயரில்லாமல் பதிவு செய்யுங்கள்.

இந்தியக் குடும்பங்களிடமும் போங்கள். லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் 60வது பாராசூட் கள மருத்துவப் பிரிவு 1950 நவம்பரிலேயே கொரியா போய்விட்டது. அவர்கள் போரின் நடுவே மக்களோடு பழகியவர்கள். 1953இல் போர்க்கைதிகளைக் காக்கப் போன இந்தியப் படையின் நிலைமை வேறு. தென்கொரிய மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று அந்நாட்டு அதிபர் சிங்மன் ரீயின் அரசு சொன்னதால் ஹெலிகாப்டரில் நேராக ராணுவமற்ற பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் அவர்கள்.

கேட்கும்போது பொதுவாகக் கேட்காதீர்கள். ஒரு சிகரெட் பெட்டிக்கு என்ன கிடைத்தது, விலையை யார் சொன்னது, சைகையிலா பேச்சிலா, யார் யாரை ஏமாற்றினார்கள், மறுபடி அதே ஆளிடம் போனீர்களா என்று கேளுங்கள். எழுத்து வடிவம் தயாரிக்கும்போது தலைப்புக்குத் தொடர்பில்லாதது என்று இந்தப் பகுதியை வெட்டிவிடாதீர்கள். முடிந்தால் பூசானிலும் சியோலிலும் அந்தக் காலத்தில் மறுபக்கம் நின்று விற்ற மூதாட்டிகளிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள், அவர்களுக்கும் வயது ஏறிக்கொண்டேதான் போகிறது.