அருட்தந்தை யெஜிக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அக்டோபர் 19, போலந்தின் கம்யூனிச ஆட்சிக் காலத்தில் தொழிலாளர்களோடு நின்றதற்காகக் கொல்லப்பட்ட குரு, மறைசாட்சி அருளாளர் யெஜி பொப்பியெவூஷ்கோவின் திருநாள். 1984-இல் அந்த நாளில் கடத்தப்பட்டபோது அவருக்கு வயது 37. அவருக்குத் துணை நின்றவர்களே, இந்த மடல் உங்களுக்கு. நீங்கள் இல்லையென்றால், அவருடைய சாவும் ‘யாரோ செய்துவிட்டார்கள்’ என்று மூடப்பட்டிருக்கும்.

முதல் நன்றி வார்சா உருக்காலைத் தொழிலாளர்களுக்கு. 1980 ஆகஸ்டு வேலைநிறுத்தத்தில், ஆலைக்குள்ளேயே திருப்பலி வேண்டும் என்று கேட்டீர்கள், வந்தவர் அவர். 1981 டிசம்பர் 13-இல் இராணுவச் சட்டம் வந்தபின், வார்சாவின் ஜொலிபோஷ் பகுதியிலுள்ள புனித ஸ்தனிஸ்லாவ் கோஸ்த்கா ஆலயத்தில் மாதக் கடைசி ஞாயிறுகளில் தாய்நாட்டுக்கான திருப்பலி நடந்தது. ஆலயம் கொள்ளாத கூட்டம் வெளியே நிற்கும். ஆபத்து அங்கேதான். சாதாரண உடையில் கலந்திருக்கும் ஒருவன் முழக்கமிட்டு, நாலு பேர் சேர்ந்துகொண்டால் போதும். காத்திருக்கும் கலகத் தடுப்புப் படைக்குத் தடியெடுக்கச் சாக்குக் கிடைத்துவிடும். தூண்டுவோருக்குப் பதில் சொல்லாமல் அமைதியாகக் கலைந்து போங்கள் என்று அவர் கேட்டுக்கொள்வார். அதைக் கூட்டத்தின் கடைசி வரிசைவரை நடத்திக் காட்டிய ஒழுங்குப் பணி உங்களுடையது. அவருடைய மறையுரைக்கு இணையான வேலை அது என்றே சொல்வோம்.

இத்தனை நெருக்கடியிலும் அவருக்குப் பீடத்தை விட்டுக்கொடுத்த பங்குத்தந்தை தெயோஃபில் போகுட்ஸ்கி அவர்களே, உங்களுக்கும் நன்றி.

ஓட்டுநர் வால்டெமர் க்ரொஸ்தோவ்ஸ்கி அவர்களே, பிட்கோஷ்ச் நகரில் செபமாலையின் துயர மறைபொருள்களைத் தியானித்து, அச்சத்திலிருந்தும் எல்லாவற்றுக்கும் மேலாகப் பழிவாங்கும் வெறியிலிருந்தும் விடுபட வேண்டுமென்று செபித்துவிட்டு அவர் உங்களோடுதான் புறப்பட்டார். கூர்ஸ்க் அருகே போக்குவரத்துக் காவலர் சீருடை காட்டி வண்டியை நிறுத்தியவர்கள் உள்துறை அமைச்சக அதிகாரிகள் மூவர். கைவிலங்கோடு அவர்களுடைய காரில் இருந்த நீங்கள், பிஷிஸியெக் என்ற ஊரில் ஓட்டத்திலேயே வெளியே குதித்தீர்கள். உயிரோடு ஒரு சாட்சி தப்பியதால்தான் செய்தியை மறைக்க முடியவில்லை. மறுநாளே தொலைக்காட்சியில் அறிவிக்க வேண்டியதாயிற்று.

அக்டோபர் 30-இல் வ்வொட்ஸ்வாவெக் அணைக்கட்டு அருகே விஸ்துலா ஆற்று நீரிலிருந்து உடல் எடுக்கப்பட்டது. கால்களில் சுமார் 11 கிலோ எடையுள்ள கல் மூட்டை. காலை நீட்டினால் கழுத்துச் சுருக்கு இறுகும்படி கயிறு கட்டியிருந்தார்கள். பியாவிஸ்தோக்கில் உடற்கூறாய்வு செய்த பேராசிரியர் மரியா பிர்டி அவர்களுக்கும் உடனிருந்தோருக்கும் நன்றி. உங்கள் ஆய்வு நீதிமன்றத்தில் சான்றாக நின்றது.

டோருன் நகரில் நடந்த கொலை வழக்கு விசாரணையில் கொலையுண்டவரையே குற்றவாளியாக்கப் பார்த்தார்கள். அவர் தரப்பில் நின்று பேசிய வழக்கறிஞர்கள் யான் ஓல்ஷெவ்ஸ்கி, எட்வர்ட் வெண்டே உள்ளிட்டோரை வணங்குகிறோம். 1985 பிப்ரவரி 7-இல் கடத்திய மூவருக்கும் அவர்களுடைய மேலதிகாரி ஒருவருக்கும் 14 முதல் 25 ஆண்டுவரை சிறை விதிக்கப்பட்டது. பின்னர் அது குறைக்கப்பட்டதில் எங்களுக்கு வருத்தமே.

அம்மா மரியான்னா, மகனை ஊருக்குக் கொண்டுபோகாமல் அந்த ஜொலிபோஷ் ஆலய வளாகத்திலேயே அடக்கம் செய்ய இசைந்தீர்கள். இன்றும் அங்கே மக்கள் வந்து செபிக்கிறார்கள். 2010 ஜூன் 6-இல் வார்சாவில் அவருக்கு அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டபோது நீங்களும் இருந்தீர்கள். அதற்காகக் கடவுளுக்கு நன்றி.